சின்ன மின்சாரக் காரை நான் சோதித்த விதம்

எங்கள் பழைய பெட்ரோல் கார் ஒரு நாள் காலையில் கிளம்ப மறுத்தது. மகளுக்கு அப்போது நான்கரை வயது. அவளுக்கு ஆஸ்துமா. முந்தின நாள் தொடங்கிய இருமல், விடிந்தபோது இழுப்பாக மாறியிருந்தது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழே அவளைப் பின்னிருக்கையில் கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். வண்டி இரண்டு முறை செருமிவிட்டு அடங்கியது. கணவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். கைப்பேசியில் வாடகைக் காரை அழைத்து, அது வந்து, மருத்துவமனை போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்று மட்டும் மலாயில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பல வாரங்கள் சுமந்து திரிந்தேன்.

அதன்பிறகு எனக்குக் கார் என்றால் ஒரே வேலைதான். இவளுக்கு மூச்சு முட்டும்போது, எங்கே இருந்தாலும் என்ன நேரமானாலும், மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மற்ற எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பொருள் வெளியே போகும் முன் அதைப் பற்றிக் கெட்டதாக நினைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டவணை போடுவோம். இது எப்படியெல்லாம் பழுதாகும், பழுதானால் யாருக்கு என்ன ஆகும், பழுதாவதற்கு முன்பே நமக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத பொருள்தான் மிக மோசமானது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கார்களுக்கும் அதே அட்டவணையைப் போட்டேன்.

"என்னப் பத்தி நீ இவ்ளோ விசாரிச்சிருந்தா என்னைக் கட்டியிருக்கவே மாட்டலா," என்றார் கணவர்.

"உங்களுக்கும் போட்டேன். சொல்லல, அவ்வளவுதான்," என்றேன்.

பட்டியலில் மூன்று கார்கள் இருந்தன. முதலாவது, நம் நாட்டிலேயே செய்யும் சின்ன பெட்ரோல் கார். எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எந்தச் சந்தில் நின்றாலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஒருமுறை போனபோது, வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடியது. பின்னால் பிள்ளை ஏதோ கேட்டதற்கு நான் மூன்று முறை "என்னா, என்னா" என்றேன்.

இரண்டாவது, ஐந்து ஆண்டு ஓடிய ஜப்பானியக் கார். பெயர் பெற்ற வண்டி, கதவைச் சாத்தினாலே கனமாக ஒலிக்கும். ஆனால் ஐந்து ஆண்டு அது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து விற்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். கடையில் போய் இருக்கைப் பட்டையைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்தேன். அடியில் சேற்றுக் கோடு இல்லை. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தேன். லேசாக ஏதோ வாடை. பூஞ்சையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு முறை போய் முகர்ந்தும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. பூஞ்சை என் மகளுக்கு ஆகாது. பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மூன்றாவது, அந்த வருடம்தான் வந்திருந்த சின்ன மின்சாரக் கார். குட்டையான மூக்கு, உயரமான கூரை, கையை நீட்டினால் பின்னிருக்கையைத் தொட்டுவிடலாம். அதைப் பற்றித்தான் என் அட்டவணையில் மிக நீளமாக எழுதியிருந்தேன், ஏனென்றால் எனக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது. எங்கள் அடுக்குமாடியில் சார்ஜ் போட வழியில்லை. ஆனால் என் தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு இடங்கள் உண்டு. மாற்றுச் சக்கரம் கிடையாது, ஒட்டுப் போடும் பசைக் குப்பி மட்டும். எங்கள் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஜாமில் மாட்டினால், குளிரூட்டி ஓடினால், எவ்வளவு சார்ஜ் குறையும்? இதை விற்பனைக் கடையில் இருந்த தமிழ்ப் பையனிடம் கேட்டேன். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"அக்கா, பாலத்துல தூங்கி எந்திரிச்சாகூட சார்ஜ் இருக்கும்லா," என்றான்.

"எத்தன விழுக்காடு குறையும் தம்பி?"

"ஜாஸ்தி குறையாது."

"ஜாஸ்தி இல்லன்னா எத்தன?"

அவன் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து ஒரு கணக்குச் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். "மூணு வருஷமா கார் விக்கிறேன், அடியில படுத்துப் பாத்த மொத ஆளு நீங்கதான்," என்றான். கிண்டலா பாராட்டா என்று தெரியவில்லை.

ஓட்டிப் பார்க்க மகளையும் அழைத்துப் போனோம். அவன் எனக்குப் பக்கத்தில், கணவரும் மகளும் பின்னால். கடற்கரைச் சாலையில் திரும்பும்போது திரையில் ஒரு பொத்தானைக் காட்டினான். "இத அமுக்கினீங்கன்னா வெளிக் காத்து உள்ள வராது. உள்ள இருக்கிற காத்தையே சுத்தி விடும். சார்ஜும் மிச்சம், ரோட்டுப் புகையும் வராது." இரண்டு நன்மை என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆனால் என்னை வாங்க வைத்தது அதுவல்ல. சிவப்பு விளக்கில் நின்றபோது வண்டிக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அவனும் பேச்சை நிறுத்தியிருந்தான். அப்போது பின்னாலிருந்து என் மகள் மூச்சு விடுவது கேட்டது. மூச்சின் கடைசியில், நூல் இழுப்பதுபோல், மிக மெல்லிய ஒரு விசில். காலையில், பழுதுபார்த்து வைத்திருந்த எங்கள் பழைய காரில் அதே பிள்ளையைக் கூட்டி வந்தபோது எனக்கு எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு சன்னலில் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். அன்று மாலையே மருந்தைக் கூட்டிக் கொடுத்தோம். இரண்டு நாளில் சரியானது.

பழுதாவதற்கு முன்பே நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு இந்தக் கார் ஒன்றுதான் பதில் வைத்திருந்தது. காது கொடுத்தால் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

கணவரின் அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் தனியாக இருக்கிறார். முப்பது ஆண்டுக்கு மேல் லாரி ஓட்டியவர். வண்டியை எடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அவர் வழக்கமாகப் போகும் கோயிலில் பூசை போட ஏற்பாடு செய்திருந்தார். நான் புதுக் காரிலும் கணவர் பழைய காரிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். பழையதை முன்பே ஒரு பட்டறையில் காட்டிப் பழுதுபார்த்திருந்தோம். விற்கும்வரை ஓட வேண்டுமே.

நான் மெதுவாக வந்து பக்கத்தில் நிறுத்தும்வரை மாமா திரும்பவில்லை.

"என்னாம்மா, பூன மாதிரி வருது. நின்னுருச்சா, ஓடுதா?"

"ஓடுது மாமா."

"லாரிய மூணு தெரு தள்ளி வர்றப்பவே உங்க மாமியாரு உலைய வச்சிருவா. இது வந்தா சோறு கெடைக்காது போ."

ஐயர் பூசையை ஒழுங்காகச் செய்தார். சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சை, வெளியிலேயே கற்பூரம். நான் வண்டியை ஓர் அடி நகர்த்தினேன். பழங்கள் நசுங்கின. மகள் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு மாமா தன் பையிலிருந்து பழைய பால்மாவு டின் ஒன்றை எடுத்தார். பக்கத்தில் துளை போட்டு, கம்பியால் பிடி வைத்தது. லாரிக்காரர்களிடம் இருந்த வழக்கம் அது. முதல் ஓட்டத்துக்கு முன்னால் ஓட்டுநர் அறைக்குள் சாம்பிராணியை வைத்து, கதவைச் சாத்தி, புகை இருக்கையிலும் கூரையிலும் ஏறும்வரை விட வேண்டும். பிறகு வெள்ளிதோறும் ஒருமுறை. முப்பது ஆண்டில் தன் லாரிக்கு ஒரு கீறல் விழவில்லை என்பார். அது உண்மைதான் என்று கணவரும் சொல்லியிருக்கிறார்.

"ஐயரு போட்டது சாமிக்கு. இது காடிக்கு," என்று கரியைப் பற்றவைத்தார். அவருக்குக் கார் எப்போதும் காடிதான்.

"அப்பா, பேட்டரி சீட்டுக்கு அடியில இருக்கு. நெருப்பு விழுந்துச்சுன்னா முடிஞ்சுது," என்றார் கணவர்.

"டீசல் டாங்கி பக்கத்துலயே போட்டவன்டா நான்."

நான் நடுவில் நுழைந்தேன். "மாமா, அடியில தட்டு வச்சு நானே புடிச்சுக்கிறேன்."

இதை எழுதும்போது கை கூசுகிறது. மகளைக் கணவர் கோயில் முகப்பில் தூக்கி வைத்திருந்தார். நான் முன்கதவு வழியாக உள்ளே சாய்ந்து, எவர்சில்வர் தட்டை இரு கைகளாலும் பிடித்து, ஒரு பொறிகூடத் தரைவிரிப்பில் விழாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு கதவைச் சாத்தி மூன்று நிமிடம் விட்டோம். டின்னை எடுத்ததும் முழங்காலிட்டு விரிப்பைத் தடவிப் பார்த்தேன். கங்கு இல்லை, கருகல் இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆபத்தைத் தவிர்த்துவிட்ட நிம்மதி.

பிள்ளைக்குப் புகை ஆகாது என்பது நினைவில் இல்லாமல் போகவில்லை. நினைத்தேன். சன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்றும் உடனே நினைத்தேன். அவ்வளவு நேரம் கேலி செய்துகொண்டிருந்த மாமா, அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் காரின் கூரையில் கை வைத்து நின்றார். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் நாங்கள் சாம்பிராணி போடுவதில்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை.

சன்னல்களை இறக்கி, சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, மகளுக்கு விபூதி வைக்கக் கோயிலுக்குள் கூட்டிப் போனேன். சற்று நேரம் கழித்து வெளியே வந்தபோது தூறல் போட்டது. சன்னல்கள் சாத்தியிருந்தன. மழைக்கு மாமா சாத்தியிருப்பார் என்று எண்ணினேன். உள்ளே வாடை கனமாக இருந்தது. நான்கு சன்னலையும் இறக்கினேன், பெரிய மழை பிடித்தது, ஏற்றினேன். கணவர் பழைய காரில் முன்னால் போய்விட்டார். பாலத்தை நெருங்கும்போது எல்லாப் பாதைகளும் நின்றுவிட்டன. மழை நாளில் அது புதிதல்ல. சார்ஜ் அறுபத்தொரு விழுக்காடு. போதும், ஆனாலும் மனம் கேட்கவில்லை. எத்தனை நேரம் நிற்கப் போகிறோமோ. முன்னால் ஒரு லாரி கரும்புகை விட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

இருபது நிமிடம் கழித்து, பாலத்தின் மேல், பின்னால் விசில் தொடங்கியது. வண்டி அவ்வளவு அமைதியாக இருந்ததால் முதல் இழையிலேயே எனக்குக் கேட்டுவிட்டது. மருந்தும் முகமூடிக் குழாயும் எப்போதும் பையில் இருக்கும். நின்றிருந்த இடத்திலேயே பட்டையைக் கழற்றி, பின்னால் திரும்பி, நான்கு முறை கொடுத்தேன். அவளே குழாயைப் பிடித்துக்கொண்டாள். விசில் பெரிதானது. சில நிமிடம் கழித்து மறுபடி கொடுத்தேன். அதற்குப் பிறகு அது குறையத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். இன்னும் குறைந்தது. அப்புறம் கேட்கவே இல்லை.

மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். கடவுளுக்கு நன்றி சொன்னேன். இந்தக் காருக்கும் சொன்னேன்.

தீவுப் பக்கம் இறங்கும் இடத்தில் கண்ணாடியில் பார்த்தபோது அவள் வாய் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே, எலும்புகளுக்கு நடுவில், தோல் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. உதடு சாம்பல் நிறம்.

"கண்ணு, அம்மாட்ட பேசு."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

விசில் நின்றது காற்று சீராகப் போனதால் அல்ல. போவதற்குக் காற்றே இல்லாததால். அது எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. அப்போது தெரிந்ததெல்லாம், கேட்பதை நம்பி ஏமாந்துவிட்டேன் என்பது மட்டும். சன்னல்களை இறக்கினேன். மழை உள்ளே அடித்தது. ஹாரனில் கையை வைத்தபடி ஓட்டினேன். நியாயமாகச் சொன்னால், வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. மிதித்த நொடியில் பாய்ந்தது, இடுக்கில் நுழைந்தது, மருத்துவமனை வாசலில் நின்றபோது ஐம்பத்திரண்டு விழுக்காடு மீதி இருந்தது. என் அட்டவணையில் எழுதிய எல்லாவற்றிலும் அது தேறியது.

பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் தீவிரக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மருத்துவர் வந்து கேட்டார். இளம் மலாய்ப் பெண். வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா, பூனை உண்டா, புதுத் தரைவிரிப்பு, சாயம் எதுவும்? மாமா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காலையில் முதல் பேருந்தைப் பிடித்து, ஃபெர்ரியில் கடந்து வந்தவர், எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் இல்லை, இல்லை என்றேன். பிறகு, புதுக் கார் ஒன்று வாங்கியிருக்கிறோம் என்றேன். மருத்துவர் தலையசைத்தார். புதுக் காரின் பிளாஸ்டிக் வாடை சில பிள்ளைகளுக்கு ஆகாது என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"நான் அப்பவே நெனைச்சேன். அந்தக் காடி சரியில்ல," என்றார் மாமா.

"திருப்பிக் குடுத்துருவோம்," என்றார் கணவர்.

உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளாஸ்டிக்காகவும் இருக்கலாமே. ஆனால் எடுத்த நாளிலிருந்து ஐந்து நாள் அவள் அந்தக் காரில்தான் பள்ளிக்குப் போனாள். ஒரு இருமல் இல்லை. அது எனக்குத் தெரியும். மறுத்துச் சொல்ல வாயில்லாத ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றேன்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். சாதாரண வார்டில் மகள் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மாமா ஒரு நெகிழிப் பையோடு வந்தார். உள்ளே அந்த டின் தெரிந்தது.

"திருஷ்டிமா, வேற ஒண்ணுமில்ல. காடிக்கு இன்னொரு தடவ போட்டுட்டுதான் புள்ளய ஏத்தணும். எங்க நிறுத்தியிருக்க?"

என் கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"வேணாம் மாமா."

"அஞ்சு நிமிஷ வேலைலா."

"புகைதான் மாமா. அவளுக்கு மூச்சு நின்னது புகையாலதான். கார் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் போட்டுருக்கேன்."

"உங்க லாரியில புள்ள இல்ல மாமா."

"அப்ப நான்தான் பண்ணேன்னு சொல்றியா?"

"தட்ட புடிச்சது நான். வெளிக் காத்து வராம அடைச்சதும் நான்தான். ஒரு பொத்தான் இருக்கு, அத அமுக்கிட்டேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னதும் நான்."

மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பையைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மகள் அவரிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

தாதியர் மேசையில் மருத்துவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் போய், முன்பு சொன்னதை மாற்ற வேண்டும் என்றேன். மலாயில் சாம்பிராணி என்பதற்கு என்ன சொல் என்று தடுமாறினேன். வழிபாட்டுக்குப் போடும் புகை என்றேன். காருக்குள் போட்டோம். எவ்வளவு நேரம் என்று கேட்டார். கதவைச் சாத்தி மூன்று நிமிடம், அதற்குப் பிறகு காற்றோட்டம் இல்லாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவள் அதற்குள் இருந்தாள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மறுபடி எழுதத் தொடங்கினார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா வந்து என் தோளுக்கு அருகில் நின்றார்.

"மூணு நிமிஷம் இல்லம்மா," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "நீ புள்ளய உள்ள கூட்டிட்டுப் போனல்ல. அப்ப இன்னொரு தடவ போட்டேன். சன்னல நான்தான் ஏத்துனேன். புதுக் காடியாச்சே, நல்லாப் புடிக்கட்டும்னு."

நான் அதை மருத்துவரிடம் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஊர் ஊராக லாரி ஓட்டியபோது பழகிய மலாயில் அவரே சொன்னார். இரண்டு முறை, டாக்டர். இரண்டாவது ரொம்ப நேரம். நான் போட்டேன்.

மருத்துவர் மூன்று நிமிடம் என்று எழுதியதை அடித்துவிட்டு, எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்டார்.